எங்கள் தண்ணீர்

போன மாதம் என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. இடித்துப் போட்ட செங்கல் குவியலுக்கு நடுவில் முழங்கால் உயரச் சிமெண்டுத் தூண் ஒன்று. அதில் ஒரு பித்தளைக் குழாய். திருகின் ஒரு காது உடைந்திருந்தது. அதை உடைத்தவன் என் தம்பி என்பதால் பார்த்த மாத்திரத்தில் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நெய்வேலி டவுன்ஷிப்பில் நாங்கள் இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்த குவார்ட்டர்ஸின் பின்கட்டுக் குழாய் அது. படத்துக்குக் கீழே, "நம்ம நெய்வேலி போச்சு" என்று எழுதி வரிசையாக அழும் பொம்மைகள். பழைய பிளாக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற வாட்ஸப் குழு. அடுத்த பத்து நிமிடத்தில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. நம்ம பிளாக்கு, நம்ம பலாமரம், நம்ம ஸ்கூலு, நம்ம தண்ணி மாதிரி உலகத்தில் எங்கே கிடைக்கும்! படத்தைப் போட்டவர் எங்கள் பிளாக் சங்கத்தின் அந்நாள் செயலாளர். இப்போது சென்னையில் மகன் வீட்டில் ஏழாவது மாடியில் இருக்கிறார். அந்தக் குழுவில் சண்டைக்காரி என்று பெயரெடுத்தவள் நான். இருந்தும் அன்றைக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்த 'நம்ம' என்ற சொல்லைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அதுவும் அந்த மனிதர் விரலிலிருந்து!

நெய்வேலியில் வளர்ந்தவர்களை எங்கே போனாலும் ஒரு விஷயத்தில் கண்டுபிடித்துவிடலாம். எங்களுக்குக் குழாயை மூடத் தெரியாது. கல்யாணமாகிக் குறிஞ்சிப்பாடிக்குப் போன முதல் வாரமே மாமியாரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இதற்காகத்தான். "தொட்டி முச்சூடும் காலி. நீ இன்னா ஆத்தங்கரையிலயா பொறந்த?" என்றார். நான் பிறந்தது சுரங்கத்தின் கரையில். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. ராப்பகலாக பம்பு வைத்து அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரியை வெட்டலாம். நிறுத்தினால் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். அப்படி இறைக்கிற தண்ணீரில்தான் ஒரு பங்கு எங்கள் வீடுகளுக்கு வந்தது. காலையில் திறந்த குழாய் அடுத்த நாள் காலைவரை ஓடும். ரோஜாச் செடிக்கு ஓடும், பலாமரத்துக்கு ஓடும், மிச்சம் சாக்கடைக்கு ஓடும். மூடு என்று எங்களுக்கு யாரும் சொன்னதே இல்லை.

அப்பா அங்கே பம்ப் ஆபரேட்டர். திருநெல்வேலிப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவருக்கு இந்தத் தண்ணீரில் அப்படி ஒரு பெருமை. எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது ஒருநாள் குழாயை மூடப் போனேன். "மூடாத! மூடுனா மைன்ஸுக்குள்ள தண்ணி ஏறிரும். ஷிப்டுல இருக்கவன் பூராம் முங்கிருவான்" என்றார். விளையாட்டாகச் சொன்னார், சொன்ன கையோடு மறந்தும்விட்டார். நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வரிசையில் எந்த வீட்டுக் குழாய் மூடியிருந்தாலும் ஓடிப் போய்த் திறந்துவிடுவது என் வேலையாகிப் போனது. அப்பா நைட் ஷிப்டு போகிற நாட்களில் தூக்கம் வரும்வரை குழாய்ச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி படுத்திருப்பேன். எங்கள் தெருவில் இன்னும் மூன்று பம்ப் ஆபரேட்டர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களையும் நம்ப வைத்துவிட்டேன்.

என் இந்தக் கடமைக்கு ஒரே எதிரி மல்லாட்டை அக்கா. அவர் கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர், எங்கள் பிளாக்கில் கான்ட்ராக்டில் தெரு பெருக்க வந்தவர். அறுவடைக் காலத்தில் வேகவைத்த மல்லாட்டையைக் கூடையில் கொண்டுவந்து படியால் அளந்து விற்பார். மதுரைக்காரர்களும் கோயம்புத்தூர்க்காரர்களும் கடலை, நிலக்கடலை என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் தெரு, அவரால்தான் மல்லாட்டை என்று சொல்லப் பழகியது. பெருக்கி முடித்தபின் கைகால் கழுவ எங்கள் பின்கட்டுக்கு வருவார். கழுவிவிட்டு, குழாயை இறுக்கி மூடிவிட்டுத்தான் போவார். போகிற போக்கில் பக்கத்து வீட்டுக் குழாயையும் மூடுவார். நான் பின்னாலேயே போய்த் திறப்பேன். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"ஏம்மா, தண்ணி சும்மா ஓடிக்கினு இருக்குது. மூடுனா இன்னா?"

"எங்கப்பா செத்துருவாங்க" என்று சொல்லி ஓவென்று அழுதேன்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின் முகம் மாறியது. "நீ தொறந்து வுட்டா எங்க கெணறு சாவுது. நா மூடுனா ஒங்கப்பா சாவுறாரா? நல்லா இருக்குதும்மா கத" என்றார். எனக்கு அது புரியவில்லை. அதன் பிறகு அது எங்களுக்குள் ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. குழாயில் கை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். "ஒங்கப்பாவுக்கு இன்னிக்கு ஆஃப் தான? மூடட்டா?" என்பார். நான் தலையாட்டினால்தான் மூடுவார்.

டவுன்ஷிப் உச்சத்தில் இருந்த காலம் அது. சங்கு ஊதினால் சாலை முழுக்கச் சைக்கிள். மாப்பிள்ளைக்கு வேறு தகுதியே தேவையில்லை. பர்மனென்ட் என்ற ஒரு சொல் போதும், பெண் வீட்டார் வரிசையில் நிற்பார்கள். எந்த ஜில்லாவில் வறண்டு போனவனும் இங்கே வந்து ரோஜாத் தோட்டம் போட்டான். அந்தத் தோட்டத்துக்கு அடியில் யாருடைய கிணறு இருக்கிறது என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. அக்காவின் குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. "நிலம் கொடுத்தவங்க" என்று யாராவது அவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் போதும், விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, "குடுக்கலீங்க, எடுத்துக்கினாங்க" என்று திருத்துவார். கோபமாகச் சொல்லமாட்டார். தப்பாக எழுதிய கணக்கைத் திருத்துகிற மாதிரி சொல்வார். படிக்காதவர்தான், ஆனால் ஒரு சொல் இடம் மாறி விழுந்தால் அவர் காதுக்குத் தப்பாது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அவர் வீடு கட்டத் தொடங்கினார். சுரங்கத்துக்குப் போன ஊருக்குப் பதிலாக அவர்களுக்கு டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே இரண்டு மைலில் மாற்று மனை கிடைத்திருந்தது. பொட்டல் காடு. தெருக்குழாய் நட்டிருந்தார்கள், தண்ணீர் வரவில்லை. ஒரே அறை, ஒரு அடுப்படி, சிமெண்டுச் சுவர். சிமெண்டுச் சுவருக்குப் பத்துப் பதினைந்து நாளாவது விடாமல் தண்ணீர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காய்ந்து வெடித்துவிடும் என்பது கொத்தனார் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்காரர் கொத்தனாருக்குக் கையாளாக நின்றார். தண்ணீர் அக்காவின் பொறுப்பு. காதில் இருந்த தோட்டை விற்று வாங்கிய சிமெண்டு. அது வீணாகிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அந்தக் கோடையில் அவருக்கிருந்த கவலை. சைக்கிளில் நாலு குடத்தைக் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று நடை எங்கள் வீட்டுக் குழாயிலிருந்து கொண்டுபோனார். முதல் நாள் அம்மாவிடம் தயங்கித்தான் கேட்டார். "தாராளமா புடிச்சுக்கோ, எப்படியும் சாக்கடைக்குத்தானே போகுது" என்றார் அம்மா. அக்கா முகம் மலர்ந்து, "நம்ம தண்ணி தானம்மா. எங்க கெணத்துல இருந்துச்சு, ஒங்க பைப்புல வருது" என்றார்.

அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஒரு பெரிய குழாய் பழுதாகி, எங்கள் பிளாக்கில் நாலைந்து நாள் தண்ணீர் நூலாக வந்தது. நாலைந்து நாள்தான்! அதற்குள் சங்கத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். வெளியாட்கள் வந்து தண்ணீரை அள்ளிக்கொண்டு போகிறார்கள், அதனால்தான் பற்றாக்குறை என்று முடிவு கட்டினார்கள். எங்கள் வீட்டு முன்னறையில்தான் கூட்டம். செயலாளர்தான் வேலையில் அப்பாவுக்கு மேலே இருந்த இன்ஜினியர். மனு எழுத வேண்டும், யாருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பேச்சு வந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முழுத்தாளில் ஓரம் மடித்து, கோணாமல், முத்து முத்தாக எழுதினேன். 'வெளியாட்கள் நம் தண்ணீரை எடுத்துச் செல்வதால்' என்று நான் எழுதியிருந்த இடத்தில் செயலாளரின் விரல் வந்து நின்றது.

"'நம்'னு போடாதேம்மா. 'நம்'னா அவங்களும் சேர்ந்துருவாங்க. 'எங்கள்'னு போடு."

தமிழ் தெரிந்த மனிதர்! அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும் என்று நான் இன்னொரு தாள் எடுத்து முழுவதையும் மறுபடி எழுதினேன். 'எங்கள் தண்ணீரை'. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாவும் போட்டார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மற்றவர்களுக்காவது தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். ராப்பகலாக பம்பின் பக்கத்தில் நின்ற மனிதருக்குத் தெரியாதா, பன்னிரண்டு குடம் தண்ணீர் ஒரு பம்பு ஒருமுறை தும்முகிற அளவுகூட இல்லை என்று? அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். சில வருடங்கள் கழித்து நான் அப்பாவிடம் சண்டை பிடித்தபோது, "எதுக்க இன்ஜினியர் ஒக்காந்திருக்காரு, நான் என்னத்த சொல்ல?" என்றார். ஒரு ஊர் எப்படி அழிகிறது என்று என்னைக் கேட்டால், கரி தீர்ந்தோ சுரங்கம் மூடியோ அழிவதற்கு முன்னால் இப்படி ஒரு முன்னறையில் உட்கார்ந்து அழிகிறது என்பேன்.

மூன்றாம் நாள் டியூஷன் முடித்து வரும்போது கேட்டருகே கூட்டமாக இருந்தது. அக்காவின் சைக்கிளை செக்யூரிட்டி நிறுத்தியிருந்தார். தண்ணீரை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு, அதோடு எங்கள் மனுவின் நகலும் அவர் கையில் இருந்தது. போனால் போகிறது, இன்றைக்கு ஒருநாள் விடுங்கள் என்று அக்கா கெஞ்சினார். "செவுரு பச்சயா நிக்கிதுங்க, இன்னும் ஒரு வாரம் தாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உத்தரவு உத்தரவுதான். நாலு குடத்தையும் அங்கேயே கொட்டச் சொன்னார்கள். கேட்டை ஒட்டிய சாக்கடையில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். அந்தச் சாக்கடையில் ஏற்கெனவே தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், கண்ணாடி மாதிரி. எங்கேயாவது நடக்குமா இப்படி ஓர் அநியாயம்! கடைசிக் குடத்தைக் கவிழ்க்கும்போது நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். "பாரும்மா, கீழ ஊத்தணுமாம்" என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை எதிர்பார்த்த குரல். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வேறொருவர் பெருக்க வந்தார். அக்கா வேலையை விட்டாரா, வேறு பிளாக்குக்குப் போய்விட்டாரா, யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் மெல்ல மெல்ல நடந்தது. பர்மனென்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள், அந்த இடங்களுக்குக் கான்ட்ராக்டில் ஆள் வந்தது. கான்ட்ராக்டில் வந்தவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. இரண்டு வரிசை காலி, பிறகு நாலு வரிசை காலி. நான் படித்த பள்ளியில் ஒரு வகுப்புக்கு மூன்று பிரிவு இருந்தது போய் ஒன்றானது. கடைவீதியில் பூட்டுகள் துருப்பிடித்தன. எந்நேரமும் ஓடிய குழாய் காலையிலும் மாலையிலும் மட்டும் வரும் என்றானது. அப்போது அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் என்ன குதி குதித்தார்கள் தெரியுமா? மனுஷன் எப்படி வாழ்வது என்று கேட்டார்கள்! அப்பா ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்து, குள்ளஞ்சாவடி போகிற சாலையில் மனை வாங்கிப் போர் போட்டார். ஆயுள் முழுக்கத் தண்ணீரை மேலே கொண்டுவந்தவர் போட்ட போரில் புழுதிதான் வந்தது. இப்போது என்னோடுதான் இருக்கிறார். அம்மா போய் ஆறேழு வருடமாகிறது. எங்கள் பழைய பிளாக் உதவாது என்று சிவப்பு மையில் எண் போட்டு, இதோ, இடித்தும் விட்டார்கள்.

நான் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். தன்மைப் பன்மை நடத்தும்போது வருடா வருடம் சொல்ல வேண்டியிருக்கிறது: 'நாம்' என்றால் எதிரில் நிற்பவரும் சேர்த்தி, 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. வேறு எத்தனையோ மொழியில் இல்லாத நுட்பம் இது என்று பாடப்புத்தகத்தைப் பார்த்துப் பெருமையாகவும் சொல்லி வைக்கிறேன். அந்த நுட்பத்தை வைத்து நான் முதன்முதலில் செய்த காரியம் ஒரு பெண்பிள்ளையைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்தியது. போன மாதம் அந்தப் படமும், அதன் கீழே அந்த 'நம்ம'வும் வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் ஓடியபோது எங்களுடையது. செங்கல் ஆனபின் நம்முடையதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து அந்த மாற்று மனைக் குடியிருப்புக்குப் போனேன். மல்லாட்டை விற்கிறவர் என்று கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள்.

அதே ஒரே அறை, அதே அடுப்படி. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பைப்பு பொண்ணு தான?" என்றார். பாயை விரித்து உட்கார வைத்து, முறத்தில் மல்லாட்டையைக் கொட்டினார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார், என்னோடு இருக்கிறார் என்றேன். எனக்கு எதிரே இருந்த சுவரில், கூரையிலிருந்து தரைவரை கோணல்மாணலாக ஒரு வெடிப்பு. வருடா வருடம் சிமெண்டை அப்பி அப்பி, வெடிப்பே ஒரு கை அகலத்துக்குத் தடித்துப் போயிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று விட்டிருந்தது. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் யாரும் படுப்பதில்லை என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கையிலிருந்த மல்லாட்டையை முறத்திலேயே போட்டேன். பேச்சை மாற்றுவதற்காகக் கைபேசியை எடுத்து அந்தக் குழாய்ப் படத்தைக் காட்டினேன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தவர், "நல்ல பித்தள. இன்னுமா யாரும் கழட்டிக்கினு போவல?" என்றார். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்த மனுவை நான்தான் எழுதினேன்."

"தெரியும்மா" என்றார். "ஒங்கம்மா சொல்லிச்சு. ஒருநாளு இந்த வூட்டுக்கே வந்துச்சு. எம் பொண்ணு கையாலயே எழுத வச்சிட்டாங்கன்னு இங்க ஒக்காந்து அழுதுச்சு."

அம்மா இங்கே வந்தது எனக்குத் தெரியாது. சாகிறவரை என்னிடம் சொல்லவில்லை. அக்கா மல்லாட்டைத் தோலை முறத்தின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே பேசினார்.

"அதுல 'எங்கள் தண்ணீர்'னு போட்டிருந்துச்சாம். கேட்டாண்ட செக்யூரிட்டி படிச்சுக் காட்டுனாரு. அந்த நேரத்துல எனக்குச் செவுரு கூட நெனப்பு வல்ல. எங்கள்னா யாரு யாருன்னு கேக்கணும்னு தான் இருந்துச்சு. யாருகிட்ட போயி கேக்கறது?"

இத்தனை வருடம் கழித்து என்னிடம்தான் கேட்கிறார். தமிழ் டீச்சர் நான். கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே வந்தேன். வாசலுக்கு எதிரே தெருக்குழாய். காலையில் ஒரு மணி நேரம் வருகிற தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குடங்களை நிரப்பிவிட்டுப் பேசிக்கொண்டு நின்ற பெண்கள் விருந்தாளி என்று எனக்கு வழிவிட்டார்கள். கையைக் கழுவினேன், முகத்தையும் கழுவிக்கொண்டேன், முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். படியேறப் போனபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பைப்ப மூடிட்டு வாம்மா. ஒங்கப்பா ஒண்ணும் சாவ மாட்டாரு."

திரும்பிப் பார்த்தேன். அடியில் குடம் இல்லாமல் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நின்றிருந்த பெண்கள் என்னையே பார்த்தார்கள். போய், ஒரு சொட்டும் விழாதபடி இறுக்கி மூடினேன்.